வண்டலும் தெளிவும்: மடத்துக் கொப்பரையிலிருந்து இல்லத்து அடுப்பு வரை

ஐரோப்பியத் துறவு மடங்களைப் பற்றிப் படிக்கும்போது அவற்றின் நூலகங்களும், தோல் ஏடுகளில் எழுதப்பட்ட சுவடிகளும், நள்ளிரவில் எழுந்து திருப்பாடல்களை இசைத்த துறவியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். அப்பம் சுடும் அடுப்பை ஒட்டி அமைந்திருந்த காய்ச்சுகூடத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றபோது ஆகன் நகரத்து அவையின் பெயர் நமக்குப் பாடமாக வந்தது; அவ்வவை துறவியரின் பீருக்கும் அளவு வகுத்தது என்பது பாடத்தில் வரவில்லை. ஆயினும் மனித உழைப்பின் வரலாற்றில் அக்கூடத்துக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே எழுந்த ஒரு சிறு கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

கேள்வி இதுதான்: கொதித்து முடிந்த கொப்பரையிலிருந்து தெளிந்த சாற்றை மட்டும் வெளியே இறுத்து, கசடைக் கொப்பரைக்குள்ளேயே நிறுத்துவது எவ்வாறு? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் துறவியரும், தொழிலாளரும், பொறியாளரும் இதற்கு விடை தேடியிருக்கின்றனர். மேலைநாடுகளில் தம் இல்லத்து அடுப்பில் இருபது லிட்டர் காய்ச்சும் எளிய மனிதரும் இன்று அதே கேள்வியோடுதான் கொப்பரையின் முன் நிற்கின்றனர்.

மதுவினால் குடும்பங்கள் சிதைவதைப் பங்குத்தளத்தில் நாள்தோறும் காண்கிற நாம், குடிப்பழக்கத்துக்குச் சாமரம் வீச இதை எழுதவில்லை. நம் மாநிலத்தில் உரிமமின்றி இல்லத்தில் மது காய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானதும் ஆகும். ஒரு தொழிலின் நுணுக்கத்துக்குள் மனிதர் கற்றுக்கொண்ட பொறுமை எப்படிப்பட்டது என்பதைக் காண்பதே நம் நோக்கம். வாசகர்கள் அவ்வுணர்வோடு உடன் வர வேண்டுகிறோம்.

கசடு பிறக்கும் வகை

முதலில் செய்முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பதே மால்ட். அதை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. சக்கையை நீக்கினால் கிடைப்பது பழுப்பு நிறமுள்ள இனிப்புச் சாறு. அச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுவர். அப்போது ஹாப்ஸ் என்னும் கொடியின் உலர்ந்த பூங்கூம்புகளைச் சேர்ப்பர். கசப்பும் மணமும் தந்து, பானம் விரைவில் கெடாமல் காப்பது அப்பூவே. பின்னர்ச் சாற்றைக் குளிரவைத்து ஈஸ்ட் சேர்த்தால் அது புளித்துப் பீராகிறது.

கொதிக்கும் நேரத்தில் கொப்பரைக்குள் இருவகைக் கசடுகள் உண்டாகின்றன. தானியத்திலிருந்து வந்த புரதம் வெப்பத்தில் உறைந்து, திரிந்த பால் போலத் திரள்திரளாக மிதக்கிறது. ஹாப்ஸ் பூவின் துவர்ப்புச் சத்து அத்திரள்களோடு கூடி அவற்றைப் பருமனாக்குகிறது. இது முதல் வகை. கொதித்துச் சிதைந்த பூவிதழ்களும் தூளும் இரண்டாம் வகை. செருமானியர் இக்கசடு முழுவதையும் ‘ட்ரூப்’ என்பர். கலங்கல் என்பது அச்சொல்லின் பொருள். சாறு குளிரும்போது மேலும் நுண்ணியதொரு படிவு உண்டாகிறது. அது மெல்லிய புகைபோல் இருப்பதால் படிவதற்கு நெடுநேரம் ஆகும்.

இக்கசடு அளவுமீறிப் புளிக்கும் கலத்துக்குள் சென்றுவிட்டால் பல தொல்லைகள் நேரும். குளிர்விக்கும் குழாய்கள் அடைபடும். சுவையில் முரட்டுக் கசப்பு ஏறும். புளித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட்டை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பது காய்ச்சுவோர் வழக்கம். அந்த ஈஸ்ட்டோடு கசடும் கலந்துவிட்டால் அது பயன் குறைந்து போகும். எனவேதான் கொப்பரையை வடிக்கும் அந்த அரைமணி நேரத்தைக் கைதேர்ந்தவர்கள் அலட்சியம் செய்வதில்லை.

மடத்தின் வரைபடத்தில் ஓர் அறை

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு ஒழுங்குநூல் வகுத்தபோது, குடிக்கும் அளவைப் பற்றி நாற்பதாம் இயலில் தயக்கத்தோடு பேசினார். துறவியர் திராட்சை இரசம் அருந்தாதிருப்பதே முறை என்பது அவர் எண்ணம். அக்காலத்துத் துறவியரை அதற்கு இணங்கச் செய்வது அரிது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே நாளொன்றுக்குச் சிறியதோர் அளவைக் குறித்து, மயங்கும்வரை குடித்தல் ஆகாது என்று வரம்பு கட்டினார். இத்தாலிய நாட்டுக்கு அது பொருந்தியது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே திராட்சை செழிக்காத குளிர்நிலங்களில் என்செய்வது? 816-இல் ஆகன் நகரில் கூடிய அவை அதற்கு விடையளித்தது: திராட்சை இரசம் கிட்டாத இடத்தில் அதன் இருமடங்கு அளவு நல்ல பீர் வழங்கலாம் என்பது அதன் முடிவு. மடங்களின் காய்ச்சுகூடங்களுக்கு இம்முடிவு திருச்சபை ஒழுங்கில் ஓர் இடம் தந்தது.

அக்காலத்துக் காய்ச்சுகூடம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க அரியதோர் ஆவணம் நமக்குக் கிடைத்துள்ளது. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து இணைத்த ஒரு வரைபடம் பாதுகாக்கப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மடாதிபதி கோஸ்பெர்ட் அவர்களுக்கென வரைந்து அனுப்பப்பட்டது அது. ஒரு முழுமையான மடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கோயில் முதல் கோழிக்கூடு வரை அது காட்டுகிறது. வரைந்தபடியே அம்மடம் கட்டப்படவில்லை. பிற்காலத்தில் யாரோ ஒருவர் அத்தோலின் பின்புறத்தில் புனித மார்ட்டினின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவைத்தார். அதனாலேயே அது அழியாமல் பிழைத்தது என்பர்.

அவ்வரைபடத்தில் மூன்று காய்ச்சுகூடங்கள் உள்ளன. ஒன்று துறவியருக்கு; ஒன்று உயர்குடி விருந்தினருக்கு; மற்றொன்று திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும். ஒவ்வொன்றும் அப்பம் சுடும் இடத்தோடு இணைந்துள்ளது. காய்ச்சும் இடத்தை அடுத்து, பீரைக் குளிரவைத்து வடிப்பதற்கென்று தனி இடமும் குறிக்கப்பட்டுள்ளது. நாம் நின்று நோக்க வேண்டியது இதையே. காய்ச்சுவது ஒரு வேலை, தெளிய வைத்து வடிப்பது மற்றொரு வேலை என்று வகைபிரித்து, இரண்டாவதற்கும் சுவர் எழுப்பி இடம் ஒதுக்கியவர்கள் அவர்கள். அடுப்பின் பரபரப்பு எட்டாத இடத்தில்தான் கலங்கல் தெளியும் என்பதை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் போலும்.

அதே ஒழுங்குநூலின் முப்பத்தொன்றாம் இயல், மடத்தின் பண்டகக் காப்பாளர் எல்லாக் கலங்களையும் பீடத்துத் திருக்கலங்களைப் போலவே கருத வேண்டும் என்று பணிக்கிறது. அச்சொற்களை ஒவ்வோர் ஆண்டும் பன்முறை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் கொப்பரையையும் அகப்பையையும் எப்படிக் கையாண்டிருப்பர் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கசப்பு மலரின் வருகை

தொடக்கத்தில் பீருக்குப் பலவகை மூலிகைகளே மணமூட்டின. ஹாப்ஸ் மெல்லவே நுழைந்தது. 822-இல் பிரான்சு நாட்டுக் கோர்பி மடத்தின் அதிபர் அடல்ஹார்ட், பேரரசர் சார்லமேனின் உறவினர், தம் மடத்தின் நடைமுறைகளை எழுதிவைத்தார். மாவரைப்போர் மால்ட் தயாரிக்கும் பணியிலிருந்தும் ஹாப்ஸ் பணியிலிருந்தும் விலக்குப் பெறுவதையும், ஹாப்ஸில் பத்திலொரு பங்கு வாயிற்காப்பாளரின் பீருக்கெனச் செல்ல வேண்டியதையும் அதில் காண்கிறோம். ஹாப்ஸையும் பீரையும் சேர்த்துக் கூறும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கன் நகரத்துப் புனித ஹில்டெகார்ட் (1098–1179) அம்மலரின் இயல்பை ஆராய்ந்து எழுதினார். மனத்துயரை மிகுவிக்கும் என்பதால் மனிதருக்கு அது பெரிதாக உதவாது என்பது அவர் கருத்து. ஆனால் அதன் கசப்பு பானங்களில் சேர்ந்தால் அவை கெடாமல் நெடுநாள் நிற்கும் என்பதையும் அவர் தெளிவாகக் குறித்தார். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தபோது, இயற்கையைக் கூர்ந்து நோக்கிய அவருடைய அறிவும் உலகின் கவனத்துக்கு வந்தது.

கெடாத பீர் என்றால் தொலைநாட்டுக்கு அனுப்பத்தக்க பீர் என்று பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரேமன் நகரமும், அடுத்த நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரமும் ஹாப்ஸ் சேர்த்த பீரைக் கப்பலேற்றிச் செழித்தன. 1516 ஏப்ரல் 23 அன்று பவேரியக் கோமக்கள் இங்கோல்ஷ்டாட் நகரில் வெளியிட்ட ஆணை, வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே பீரில் சேர்க்கலாம் என்று விதித்தது. ஈஸ்ட் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பீரை உண்டாக்குவது ஓர் உயிர் என்பதை அந்நாளில் எவரும் அறியார்.

இங்ஙனம் ஹாப்ஸ் நிலைபெற்றபோது கொப்பரையின் அடியில் படியும் கசடும் பெருகியது. பூவிதழ்கள் சாற்றை உறிஞ்சிக்கொண்டு குவியலாகத் தங்கின. வாயைத் திறந்தால் அவை வடிகுழாயை நோக்கி விரைந்து வந்து அடைத்தன. நன்மையாக வந்த பொருளே தொல்லையாகவும் ஆனது.

கசடே சல்லடையாக

இத்தொல்லைக்குக் காய்ச்சுவோர் கண்ட வழி வியப்புக்குரியது. கொப்பரைக்கு அடுத்து ஒரு தொட்டியை வைத்து, அதன் அடியில் துளையிட்ட ஒரு பொய்த்தளத்தைப் பொருத்தினர். ஆங்கிலேயர் இதனை ‘ஹாப் பேக்’ என்பர். கொதித்த சாற்றைப் பூக்களோடு சேர்த்தே அத்தொட்டிக்குள் இறக்கிச் சற்று நேரம் அசையாமல் விடுவர். பூக்கள் துளைத்தளத்தின்மேல் மெத்தைபோல் படியும். பின்பு வாயை மெல்லத் திறந்தால், சாறு அம்மெத்தையினூடே இறங்கி வரும். புரதத் திரள்கள் பூவிதழ்களின் இடுக்குகளில் சிக்கித் தங்கிவிடும். முதலில் வரும் சிறிதளவு கலங்கலாக இருப்பதால் அதை மீண்டும் மேலே ஊற்றுவர்; பின்னர் வருவது தெளிவாக இருக்கும்.

எந்தப் பூ கசடாயிற்றோ அதுவே மற்றக் கசடுக்குச் சல்லடையும் ஆயிற்று. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாயை விரைந்து திறந்தால் சாற்றின் பாரம் மெத்தையை அழுத்தி இறுக்கிவிடும். இறுகிய மெத்தை வழிவிடாது. அல்லது எங்கேனும் பிளந்து, கசடு முழுவதையும் ஒருசேர இறக்கிவிடும். ஆகவே விரலளவு ஓட்டமே போதும் என்று பொறுத்திருப்பவனுக்கே தெளிவு கிட்டியது.

மற்றொரு வழி, அகன்ற ஆழமற்ற தட்டையான தொட்டி. கப்பலை ஒத்த அதன் வடிவம் கருதிச் செருமானியரும் பிளெமிஷ் மக்களும் அதனைக் ‘குளிர்க்கப்பல்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். காய்ச்சுகூடத்தின் மேல்மாடியில், காற்று புகும் பலகணிகளுக்கு நடுவே அது அமைந்திருக்கும். கொதித்த சாறு இரவு முழுவதும் அதில் கிடந்து ஆறும். ஆழம் குறைவானதால் கசடு விழவேண்டிய தொலைவும் குறைவு. விடியற்காலையில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே அமைந்த வடிவாய் வழியே தெளிவை இறுத்துக்கொண்டு, அடியில் கிடக்கும் படலத்தைத் தனியே வழித்தெடுப்பர்.

1803-இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்து உடைமைகளைக் கைப்பற்றியபோது, வைஹன்ஷ்டெஃபான் போன்ற மடங்களின் காய்ச்சுகூடங்கள் துறவியர் கையை விட்டு நீங்கின. தொழில் அரசுக்கும் வணிகருக்கும் சென்றது. கருவிகளும் கைத்திறனும் அவற்றோடு சென்றன. டான்யூப் நதிக்கரை வெல்ட்டன்புர்க் மடம் 1842-இல் மீண்டும் உயிர்பெற்றது போன்ற சில நற்செய்திகளும் உண்டு.

பின்னர் 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். பானத்தைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பதை அது விளக்கிற்று. திறந்த காற்றில் இரவெல்லாம் கிடக்கும் குளிர்க்கப்பல் அன்றுமுதல் ஐயத்துக்கு உள்ளாயிற்று. மூடிய குழாய்க் குளிர்விப்பான்கள் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தன. பெல்ஜியத்தில் ‘லாம்பிக்’ என்னும் பழைய வகைப் பீரைக் காய்ச்சுவோர் மட்டும் அதை விடவில்லை. பிரசெல்ஸ் நகரில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் காய்ச்சுகூடம் இன்றும் குளிர்காலங்களில் சாற்றைத் திறந்த தொட்டியில் ஆறவிடுகிறது. காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டுக்கு அது வேண்டுமென்றே வழிவிடுகிறது.

தேநீர்க் கோப்பையின் பாடம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாப்ஸின் உருவமே மாறியது. முழுப் பூங்கூம்புகளைச் சேமிக்க இடம் மிகுதியாக வேண்டும். மணமும் விரைவில் குன்றும். எனவே பூக்களைத் தூளாக்கி, சிறு குளிகைகளாக அழுத்தி, காற்றுப் புகாமல் அடைத்து விற்கும் வழக்கம் பரவிற்று. வணிகருக்கு இது பெரும் வசதி. ஆனால் குளிகை கொதிநீரில் விழுந்த கணமே மாவுபோல் கரைந்து பரவுகிறது. இதழ்களால் ஆன மெத்தை இனி இல்லை. நூற்றாண்டுகளாக உழைத்த துளைத்தளத் தொட்டி அத்தூளின் முன் செயலற்றுப் போனது. தூள் துளைகளைக் கடந்து சென்றது, அல்லது அவற்றை முற்றிலும் அடைத்தது.

விடை கனடாவிலிருந்து வந்தது. 1960-இல் மோல்சன் காய்ச்சு நிறுவனத்தில் ஹட்ஸ்டன் என்பவர் சுழல்தொட்டியை வகுத்தார். வட்டமான தொட்டியின் பக்கச் சுவரை ஒட்டியவாறு சாற்றைச் செலுத்தினால் அது முழுவதும் ஒரே திசையில் சுழலும். சுழற்சி தானே தணியும்வரை விட்டுவிட்டால், கசடெல்லாம் அடியின் நடுவில் கூம்பாகக் குவிந்து நிற்கும். தெளிந்த சாற்றைச் சுவரோரத்து வாயிலிருந்து வடித்துக்கொள்ளலாம். சல்லடையும் இல்லை, துணியும் இல்லை.

சுழலும் பொருள் வெளிப்புறம் ஒதுங்க வேண்டுமல்லவா, நடுவுக்கு ஏன் வருகிறது என்று வாசகர் கேட்கலாம். தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டு நோக்கினால், இலைத்துகள்கள் கோப்பையின் நடுவில் கூடுவதைக் காணலாம். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926-இல், ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பதை ஆராய்ந்த கட்டுரையில், இத்தேநீர்க் கோப்பையையே எடுத்துக்காட்டாக்கினார். சுழலும் நீர் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால் சுவரோரத்தில் நீர்மட்டம் உயர்ந்து அழுத்தம் மிகுகிறது. ஆனால் அடித்தளத்தை ஒட்டிய நீரை உராய்வு தடுக்கிறது. அங்கே சுழற்சி மெலிகிறது. மெலிந்த அந்நீரைச் சுவரோரத்து அழுத்தம் நடுவை நோக்கித் தள்ளுகிறது. அடியில் கிடக்கும் துகள்களும் அதனோடு நகர்ந்து நடுவை அடைகின்றன. நீர் அங்கிருந்து மேலெழுகிறது. கனத்த துகள்கள் மேலெழ மாட்டாமல் தங்கிவிடுகின்றன. தம் மனைவி இதே கேள்வியைத் தம்மிடம் கேட்டிருந்தார் என்று இயற்பியல் அறிஞர் எர்வின் ஷ்ரோடிங்கர் ஐன்ஸ்டைனுக்கு எழுதினாராம். சமையற்கட்டில் எழுந்த கேள்விக்கு ஆற்றின் வளைவில் விடை கிடைத்தது. அந்த உண்மையே முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் காய்ச்சுகூடத்திலும் பயன்பட்டது.

இல்லத்து அடுப்பில்

இல்லங்களில் பீர் காய்ச்சுவது ஐரோப்பாவில் பழைய வழக்கமே. பின்னாளில் சட்டங்களும் வரிகளும் அதை ஒடுக்கின. 1963-இல் இங்கிலாந்து இல்லக் காய்ச்சலுக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. 1978 அக்டோபர் 14 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், அமெரிக்காவில் தன் குடும்பத்தின் பயனுக்காக மட்டும் வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. வயதுவந்தோர் ஒருவராயின் ஆண்டுக்கு நூறு காலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீடாயின் இருநூறு காலன் என்பது வரம்பு.

இவர்களிடம் சுழல்தொட்டி இல்லை. மேல்மாடிக் குளிர்க்கப்பலும் இல்லை. ஓர் அண்டா, ஒரு நீண்ட கரண்டி, பக்கத்தில் ஒரு குழாய் வாய் ஆகியவையே இருக்கின்றன. ஆயினும் நாம் இதுவரை கண்ட முறைகள் யாவும் சுருங்கிய வடிவில் அவர்கள் அடுப்பில் வாழ்கின்றன.

கொதிநிலை முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ‘ஐரிஷ் பாசி’ என்னும் செந்நிறக் கடற்பாசியைச் சிறிதளவு சேர்ப்பது ஒரு வழக்கம். அதன் சத்து, சாற்றில் மிதக்கும் புரதத்தோடு பற்றிக்கொண்டு பெருந்திரள்களாகப் படியச் செய்கிறது. கலங்கல் நீரில் நாம் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவது இதற்கு ஒப்பாகும். அடுப்பை அணைத்தபின் கரண்டியால் ஒரே திசையில் ஓரிரு நிமிடம் வலுவாகச் சுழற்றிவிட்டு, கரண்டியை எடுத்து மூடிவைப்பர். பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் நடுவில் கூம்பு எழுந்திருக்கும். குளிர்விக்கும் செம்புச் சுருள் அண்டாவுக்குள் இருந்தால் அது சுழற்சியைத் தடுத்துவிடும். ஆகவே குளிர்வித்து முடித்து, சுருளை எடுத்தபின் சுழற்றுவதும் உண்டு. அப்போது நுண்ணிய குளிர்ப்படிவும் சேர்வதால் காத்திருப்பு நீளும். குளிர்ந்த சாற்றில் படும் கரண்டியும் கொதிநீரில் தூய்மை செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

வடிவாய் சுவரோரத்தில் இருப்பது முதன்மையானது. அதைப் பாதியளவே திறப்பர். விரைந்து திறந்தால் சாற்றின் இழுப்பு கூம்பைக் கரைத்துத் தன்னோடு அழைத்துவரும். முழுப்பூவைப் பயன்படுத்துவோர் வடிவாயின் உட்புறத்தில் கம்பி வலைக்குழல் பொருத்துவர்; பூக்கள் அதைச் சுற்றி மெத்தையாய் அமைந்து பழைய துளைத்தளத் தொட்டியின் வேலையைச் செய்யும். குளிகை பயன்படுத்துவோருக்கு அதே வலை பகையாகும். சில நிமிடங்களில் தூள் அதை அடைத்துவிடும். அவர்கள் ஹாப்ஸைத் தளர்வான துணிப்பையில் இட்டுக் கொதிக்கவைப்பர். பை பூத்தூளைப் பெரும்பாலும் தடுக்கும். புரதத் திரளைத் தடுக்க அதனால் ஆகாது. எந்தக் கருவி எந்தக் கசடுக்கு உரியது என்று அறியாமல் கருவிமேல் கருவி சேர்ப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

காத்திருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கொதிசூட்டில் நெடுநேரம் விட்டால் ஹாப்ஸின் கசப்பு மேலும் ஏறும். வேண்டாத வாடையும் உண்டாகலாம். படிவதற்குப் போதுமான நேரம், கெடுவதற்குப் போதாத நேரம் என்ற இடைவெளியைக் கைப்பழக்கமே காட்டித் தரும்.

கடைசி ஒரு லிட்டர்

எல்லாம் முறையாகச் செய்தபின்னும் ஒரு சோதனை எஞ்சுகிறது. சாறு வற்றி வற்றி, கூம்பின் அடிவாரத்தைத் தொடும். இன்னும் ஒரு லிட்டரோ, இரண்டு லிட்டரோ கசடோடு கலந்து அடியில் நிற்கும். அண்டாவைச் சாய்த்தால் அதுவும் வரும். ஆனால் கூம்பு சரிந்து, அதுவரை காத்த தெளிவைக் கெடுத்துவிடும். தேர்ந்தவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிவிடுகின்றனர். அவ்விழப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, தொடக்கத்திலேயே அதற்கேற்பச் சற்று மிகுதியாகக் காய்ச்சுகின்றனர்.

பெருந்தொழிற்கூடங்கள் அவ்வாறு விடுவதில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு என்றாலும் அவர்களுக்கு அது பெருந்தொகை. முற்காலத்தில் கசடைத் துணிப்பைகளில் கட்டித் தொங்கவிட்டும், அழுத்திப் பிழிந்தும் எஞ்சிய சாற்றை மீட்டனர். பிற்காலத்தில் இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. கணக்கு அவர்களை அவ்வழியில் செலுத்துகிறது. இல்லத்தில் காய்ச்சுபவரிடம் அந்தக் கணக்கு இல்லை. அடியில் ஒரு பங்கை விட்டுவிடும் உரிமை அவருக்கு உண்டு. அவர் கையிலுள்ள கருவிகளுள் மிகச் சிறந்தது அவ்வுரிமையே என்பது நம் எண்ணம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கசடு ஒரு துளியும் கலவாத சாறே மிக உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கசடில் உள்ள கொழுப்புச் சத்தும், துத்தநாகம் போன்ற தாதுவும் ஈஸ்ட்டுக்கு உணவாகின்றன. கண்ணாடிபோல் வடித்த சாற்றில் ஈஸ்ட் சோர்ந்து, புளிப்பு மந்தமாக நடப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே கசடைக் குறைப்பதே கலை. முற்றிலும் ஒழிக்கப் புறப்பட்டால், காக்க வந்த உயிருக்கே ஊட்டம் இல்லாமற்போகும். ஏறக்குறையத் தெளிந்து, இம்மியளவு மங்கலோடு இறங்கும் சாற்றைக் கண்டு பதறவேண்டியதில்லை என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கூறுவது இதனால்தான்.

லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில், நிலத்தை அறுவடை செய்வோர் வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கவேண்டும் என்னும் கட்டளையை நாம் அறிவோம். கொப்பரையின் அடியில் விடப்படுவது எந்த ஏழைக்கும் உணவாவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் இருந்தும் ஓரிடத்தில் கையை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இரண்டிலும் தேவைப்படுகிறது. வயலோரத்தில் அதைக் கற்றவருக்குக் கொப்பரையின் முன்னும் அது கைகூடும். கொப்பரையின் முன் கற்றவருக்கு வயலோரத்திலும் கைகூடலாம். திருப்பயணிக்கும் ஏழைக்கும் தனியொரு காய்ச்சுகூடத்தை வரைந்து வைத்த அந்தப் பெயர் தெரியாத துறவி, தெளிந்ததை யாருக்காக இறுக்க வேண்டும் என்பதையும் எண்ணியிருந்தார்.

நம் இல்லங்களில் கொப்பரை இல்லை; இருக்கவும் வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒரு பூசல் எழுந்தபோதும், பங்கில் ஒரு கருத்து வேற்றுமை கலங்கியபோதும், கரண்டியை வெளியே எடுத்துவிட்டு மூடிவைக்கவேண்டிய நேரம் உண்டு. அந்த இருபது நிமிடங்களை நாம் பெரும்பாலும் தருவதில்லை. கடைசிச் சொல்லையும் நாமே சொல்லித் தீரவேண்டும் என்று அண்டாவைச் சாய்க்கிறோம். வரும் வாரத்தில் அத்தகைய ஒரு சமயம் நேருமாயின், வாயைச் சற்று முன்னதாகவே மூடிப் பார்ப்போம்.